கப்பலுக்குக் கீழே தண்ணீர் இல்லை

அன்றைக்கு மட்டும் மூன்றாவது தடவையாக ரேணுகாதேவி வளைவுப் பாறைக்கு வந்திருந்தாள். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்கு மேலே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அவர்கள் ஊரில் போன் பேச அந்தப் பாறையை விட்டால் வேறு கதியில்லை. அதிலும் கிழக்கே பார்த்து நின்றால்தான் பேசுகிறவர் குரல் கேட்கும். கொஞ்சம் திரும்பினால் போச்சு. களையெடுக்க வேண்டிய சாமைக் காட்டை விட்டுவிட்டு, போஸ்ட் கம்பம் மாதிரி கிழக்கே பார்த்து நிற்கும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, கொஞ்சம் தண்ணி போதும்மா," என்று வாணியம்பாடியிலிருந்து காலித் பாய் கெஞ்சினார். "நாலு விரல் உசரம். கப்பலுக்கு அடியில. நீல கலர்ல."

"பாய், நான் இன்னா முடியாதுன்னா சொன்னேன்? அந்த மனுசன் ஒத்துக்கணுமே!"

"ஒத்துக்க வைங்கம்மா. நாளைக்குக் காலையில வந்துடுவேன். நாளன்னிக்கு சனிக்கிழமை, அஞ்சு மணிக்குள்ள படம் சென்னையில இருக்கணும். கமிட்டி விதி ஏழுலயே நிக்கிறாங்க."

விதி ஏழு! ரேணுகாதேவிக்குத் தன் ரேஷன் கார்டு நம்பர்கூட மறந்துபோகும். விதி ஏழு மறக்காது. 'காட்சிக்கு வைக்கப்படும் ஒவ்வொரு படைப்பிலும் கடலோ, கடலோடு சேர்ந்த நீர்ப்பரப்போ இடம்பெற்றிருக்க வேண்டும்.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

விதி போட்டது பம்பாயில் இருக்கிற அகில பாரதக் கடலோவிய மற்றும் கடல்மரபுப் பேரவை. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் ஒரு வளைவு ஏறிவிடும். நாட்டில் கப்பல், படகு, கலங்கரை விளக்கம் என்று வரைகிறவர்களையெல்லாம் தேடிப்பிடித்து, பழைய கப்பல் சாமான்களைக் காப்பாற்றி, வருடத்துக்கொரு கண்காட்சி வைப்பது அவர்கள் வேலை. நல்ல வேலைதான், யார் இல்லையென்றது? ஆனால் அவர்கள் கண்ணில் ஜவ்வாது மலை ஏன் பட்டது என்பதுதான் ரேணுகாதேவியின் கேள்வி.

பட வைத்தது அவள் மகள் அபிநயா. திருப்பத்தூரில் நர்சிங் படிக்கிறாள். சித்திரை மாதம் லீவுக்கு வந்தவள், வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த அப்பாவின் படத்தைப் போனில் பிடித்து, அந்தப் பேரவையின் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மறுவாரம் காலித் பாய் மலையேறி வந்தார்.

காலித் பாய்க்குத் தோல் ஏற்றுமதி வியாபாரம். அவர் தோல் கப்பலில் போகிறது, அவர் போனதில்லை. ஆனால் கப்பல் என்றால் உயிர். சின்னச் சின்ன அட்டைகளில் அலை வரைவார். கடலே இல்லாத மூன்று மாவட்டங்களுக்குப் பேரவையின் பிரதிநிதியாக இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் ஓவியர் ரேணுகாதேவியின் வீட்டுக்காரன் ராஜவேலு. பாய் விடுவாரா?

ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை. அதில் முக்கால்வாசி ஒரு கப்பலின் வயிறு. செங்காவி நிறத்தில், அண்ணாந்து பார்க்கிறவன் தலைமேல் இறங்குகிற மாதிரி. அதன் பக்கவாட்டில் கயிற்றுப் பலகைகளில் தொங்கிக்கொண்டு விரலளவு ஆட்கள் சுரண்டுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள். அடியில் வரிசையாக மரக்கட்டைகள். கப்பல் அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கல் சுவர், ஏணி, எங்கோ உச்சியில் ஒரு கீற்று வானம். பாய் அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றார்.

"எல்லாரும் கப்பலைக் கரையில நின்னு வரைவாங்கம்மா. இல்ல, இன்னொரு கப்பல்ல நின்னு வரைவாங்க. இப்படிக் கீழேர்ந்து வரைஞ்சு நான் பார்த்ததே இல்ல," என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை ரேணுகாதேவி பார்த்தாள்.

நாடு முழுவதிலிருந்தும் நாற்பது படங்களைப் பேரவை தேர்ந்தெடுத்தது. அதில் இதுவும் ஒன்று. சென்னையில் பெரிய மண்டபத்தில் மாட்டுவார்கள். கீழே 'ராஜவேலு, ஜவ்வாது மலை' என்று அச்சடித்து ஒட்டுவார்கள். திறப்பு விழாவுக்கு அவனை மேடைக்குக் கூப்பிடுவார்கள். இதைக் கேட்ட நாளிலிருந்து ரேணுகாதேவிக்கு வேறு நினைப்பே இல்லை.

அவளுக்குப் படமும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். அவளுக்குப் புருஷன் வேண்டும்.

ராஜவேலு பத்தொன்பது வருடம் மேற்குக் கரையில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். பெரிய கல் குழிக்குள் கப்பலைக் கொண்டுவந்து, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்துவிடுவார்கள். காய்ந்த குழிக்குள் ஆட்கள் இறங்கித் துரு சுரண்டி, பெயிண்ட் அடிப்பார்கள். முடிந்ததும் ஆட்கள் மேலே ஏற, மதகு திறந்து தண்ணீர் விடுவார்கள். கப்பல் மிதந்து போய்விடும். இவ்வளவுதான் அவன் வேலை. கூலியாகப் போனவன் மேஸ்திரி ஆனான். மேஸ்திரி ஆனதும் ரேணுகாதேவியின் தம்பி நவீன்குமாரையும் கூட்டிக்கொண்டு போனான். நாலு வருடத்துக்கு முன்னால் அந்தக் குழியில் தண்ணீர் விட்ட ஒரு நாளில் நவீன்குமாரை அது அடித்துக்கொண்டு போய்விட்டது. ராஜவேலு அவன் உடலோடு மலைக்கு வந்தான். பிறகு திரும்பிப் போகவில்லை.

அன்றிலிருந்து அவன் பேச்சு சுருங்கிவிட்டது. சோறு என்றால் சாப்பிடுவான், பலாப்பழம் இறக்கு என்றால் இறக்குவான். மற்ற நேரமெல்லாம் அந்தப் பலகை. நடந்ததை அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. கம்பெனி அனுப்பிய காகிதத்தில் இருந்ததுதான் அவளுக்குத் தெரியும். ஊரில் அவனுக்குக் 'கப்பலு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னா ரேணுகா, கப்பலு வூட்ல கீதா?" என்று கேட்பார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியாது. நாலு பேர் நடுவில் நிற்க வைத்து, ஒரு பெரிய மனுஷன் கைகொடுத்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் இவன் மறுபடி மனுஷனாகிவிட மாட்டானா? அந்த ஒரு ஆசைக்காகத்தான் அவள் இத்தனை பாட்டையும் பட்டாள்.

பாடு என்றால் சாதாரணப் பாடா? முதலில் ஒரு விண்ணப்பம் வந்தது. 'அருகிலுள்ள துறைமுகம்' என்று ஒரு கட்டம். அவளுக்குத் தெரிந்து ஏற்றுமதி இறக்குமதி நடக்கிற இடம் ஒன்றுதான். 'ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு' என்று எழுதி அனுப்பினாள். திருப்பி அனுப்பினார்கள். 'கப்பலின் பெயர்' என்று இன்னொரு கட்டம். ராஜவேலுவைக் கேட்டால், "பேரை அப்பத்தான் சுரண்டியிருந்தோம்" என்றான். அதையே எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது. 'கடலுடன் ஓவியருக்குள்ள உறவு' என்று ஒன்று. உறவாம் உறவு! சம்பந்தி என்று எழுதலாமா என்றுகூட நினைத்தாள். எல்லாவற்றையும் பாய் ஒவ்வொன்றாகத் திருத்தி, தேய்த்து, ஒப்பேற்றினார். கடைசியில் வந்து நிற்கிறது விதி ஏழு.

பாறையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று ஆரம்பித்தாள்.

"யோவ், இங்க பாரு. கடைசியா கேக்கறேன். தண்ணி போடுவியா மாட்டியா?"

ராஜவேலு பலாக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "தண்ணி வராது."

"இன்னா வராது? குழாயா தொறக்கச் சொல்றாங்க? பெயிண்ட்தானே! நாலு விரலு!"

"தண்ணி வுடற நேரம் வரல."

"எப்பதான் வரும்? நாள் பார்த்துச் சொல்லு, பஞ்சாங்கம் எடுத்துக்கினு வரேன்!"

அவன் அடுத்த காயைத் தட்டினான். அவ்வளவுதான். இனி சுவரோடு பேசலாம், இவனோடு பேச முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அது இவனைப் பார்த்துச் சொன்னதுதான். பம்பாய்க்காரன் ஒத்துக்கொண்டான், சென்னைக்காரன் ஒத்துக்கொண்டான், வாணியம்பாடிக்காரர் உயிரைக் கொடுக்கிறார். வரைந்தவன் மட்டும் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு அவள் அவனுக்குச் சோற்றைத் தட்டில் போடவில்லை, தட்டின்மேல் எறிந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடியும்போதே ராஜவேலு பலாப்பழங்களை வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புதூர்நாட்டுக்கு இறங்கினான். பாயின் கார் அதற்குமேல் ஏறாது. பழத்தைப் போட்டுவிட்டு, திரும்பும்போது அவரை அதே ஜீப்பில் கூட்டி வர வேண்டும். எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும்.

ஜீப் சத்தம் வளைவில் மறைந்ததும் ரேணுகாதேவி முந்தானையைச் செருகிக்கொண்டாள். அபிநயாவின் பழைய சைக்கிளுக்கு அடித்த நீலப் பெயிண்ட் கால் டப்பா மிச்சம் இருந்தது. மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள். வரைந்தவன் போடாவிட்டால் என்ன, கட்டினவள் போடுகிறாள். பின்னால் அவன் கத்தினால் கத்தட்டும். கத்தினாலாவது நாலு வார்த்தை பேசினான் என்று இருக்கும்.

பலகையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கோடியில் பிரஷ்ஷை வைத்தாள். ஒரு சாண் இழுத்த பிறகு தைரியம் வந்துவிட்டது. அட, இவ்வளவுதானா! இதற்கா ஒரு மாதமாக என் உயிரை வாங்கினான்? அலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, கடலை அவள் பார்த்ததில்லை. ஏர் ஓட்டிய காட்டில் படைச்சால் போகிற மாதிரி மேலும் கீழுமாகக் கோடு இழுத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் மரக்கட்டை முழுகியது. இரண்டாவது முழுகியது. வாய்க்குள் ஒரு பாட்டுகூட வந்துவிட்டது.

மூன்றாவது கட்டையின் அருகே ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

இந்தப் பலகை வீட்டுக்குள் இருந்த நாலு வருடத்தில் அவள் இதை இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. பெருக்கும்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். தம்பியைத் தின்ற கப்பலை என்ன பார்ப்பது? தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ஆள் ஒரு கறுப்புப் புள்ளி. கிட்டத்தில் பார்த்தால் ஆள். மற்றவர்களெல்லாம் மஞ்சள் பூட்ஸ் போட்டுக்கொண்டு தொங்குகிறார்கள், ஏறுகிறார்கள், பீடி பிடிக்கிறார்கள். இவன் மட்டும் வெறுங்காலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறான். பக்கத்தில் ஒரு ஜோடி மஞ்சள் பூட்ஸை ஒழுங்காகக் கழற்றி வைத்திருக்கிறான். வலது கையில் டப்பா. இடது கை வாயருகில்.

நவீன்குமார் இடது கையால்தான் சாப்பிடுவான். எத்தனை அடி வாங்கியிருப்பான் அம்மாவிடம்! சோத்துல பீச்சாங்கையை வைக்காதடா என்று அகப்பைக் காம்பாலேயே மொத்துவாள். அவன் கையை மாற்றிக்கொள்வான். அம்மா அந்தப் பக்கம் திரும்பினதும் மறுபடி இடது கை. அக்காவைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

செருப்புக் காலோடு சோற்றுக்கு உட்காரவும் மாட்டான். மலையில் யாரும் உட்கார மாட்டார்கள். அந்தப் பட்டறையில் மற்றவர்களெல்லாம் பூட்ஸோடுதான் சாப்பிட்டிருப்பார்கள், யார் கண்டது? இவன் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்ட பிறகு கழற்றியதை மறந்துவிட்டு ஏறினான். 'மறந்து வைத்த காலணிகளை எடுப்பதற்காக அனுமதியின்றி மீண்டும் கீழே இறங்கியதால்' என்று கம்பெனி காகிதத்தில் எழுதியிருந்தது. அந்த வரியை அவள் நூறு தடவை படித்திருக்கிறாள்.

நீலம் அவன் காலுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றிருந்தது. பிரஷ் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. அது விழுவதற்குள் பிரஷ்ஷை வெடுக்கென்று இழுத்துத் தன் புடவையிலேயே ஒற்றினாள்.

"அய்யோ," என்றாள். "அய்யோ, நானே வுடப் பாத்தனே."

பிறகு எழுந்து ராஜவேலுவின் டர்பன்டைன் பாட்டிலைத் தேடி எடுத்து, பழைய பனியனைக் கிழித்து நனைத்து, துடைக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே துடைத்தாள். திட்டிக்கொண்டே துடைத்தாள். யாரைத் திட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பேரவையை, பாயை, புருஷனை, பூட்ஸை, இடது கையை, தன்னை.

ஜீப் வந்து நின்றபோது அவள் இன்னும் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். முழங்கை வரைக்கும் நீலம். முதலில் உள்ளே வந்தவர் காலித் பாய்.

"மாஷா அல்லாஹ்!" என்று கூவினார். "கடல்! போட்டாச்சா? நான் சொன்னேன்ல, போட்டா எவ்ளோ..." கடல் ஒரு கோடியிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தார். "அம்மா! அம்மா! இன்னாம்மா பண்றீங்க? ஏம்மா துடைக்கிறீங்க?"

"தண்ணி வராது பாய்," என்றாள் ரேணுகாதேவி.

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ், இதுவரைக்கும் அவர் சொன்னாரு. இப்ப நீங்களுமா?"

ராஜவேலு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவன் பலகையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.

பாய்க்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிபடவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு, "இருங்க, கமிட்டிகிட்ட ஒரே ஒரு தடவை பேசிப் பாக்கறேன்," என்று பாறைக்கு ஓடினார். அறுபது வயதுக்காரர், சட்டை நனைய ஓடினார். அரை மணி கழித்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது முகத்தில் வெற்றி.

"இறங்கி வந்துட்டாங்கம்மா! கடல் வாணாம்னுட்டாங்க. ஒரு வாளி வரைஞ்சாப் போதுமாம். வாளியில கடல் தண்ணின்னு விளக்கத்துல நான் எழுதிடறேன். ஒரே ஒரு வாளி! இதோ, இந்த மூலையில."

நாற்பது படம் தேர்ந்தெடுத்த கமிட்டி, நாலு மாதம் உயிரெடுத்து, கடைசியில் ஒரு வாளித் தண்ணீருக்கு வந்து நிற்கிறது! வேறு நாளாக இருந்தால் ரேணுகாதேவி வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். அன்றைக்கு முடியவில்லை. பாயின் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய் பலகையின் முன்னால் உட்கார வைத்தாள்.

"இவன் யாரு தெரியுமா பாய்?"

பாய் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு குனிந்தார். "சாப்பிடறாரு ஒருத்தர்."

"என் தம்பி. நவீன்குமாரு. இந்தக் குழியிலதான் போயிட்டான். தண்ணி வுட்டப்ப."

பாய் மெல்ல, "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்," என்று இறந்தவர்களுக்காகச் சொல்லும் வாசகத்தைச் சொல்லிவிட்டு, அந்தச் சின்ன உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராஜவேலுவைத் திரும்பிப் பார்த்தார்.

வாசற்படியிலிருந்து ராஜவேலு பேசினான். நாலு வருடத்தில் அவன் ஒரே மூச்சில் பேசியது அதுதான் அதிகம். "பட்டறையில ஒரு ரூலு பாய். கீழ எறங்குறவன் ஒவ்வொருத்தனும் மேல டோக்கன் வாங்கிக்கினு எறங்கணும். ஏறினா திருப்பிக் குடுக்கணும். எல்லா டோக்கனும் வந்து சேந்தாத்தான் மதகு தொறப்பாங்க. ஆள் கீழ இருக்கறப்ப தண்ணி வுடக்கூடாது. அதான் ரூலு."

"பாத்தீங்களா பாய்," என்றாள் ரேணுகாதேவி. "வாளியும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஒரு சொட்டு வராது. அவன் துன்னு முடிக்கட்டும்."

பாய் எழுந்து ஜேப்பிலிருந்து அந்தச் சின்ன விதிப் புத்தகத்தை எடுத்தார், ஏழாம் விதியைப் பார்த்தார், மூடினார். "நான் மும்பைக்கு எழுதறேன். இந்த விதியே தப்புன்னு எழுதறேன். இருபத்திரண்டு வருஷமா நானும் கடலு கடலுன்னு..." புத்தகத்தை ஜேப்பில் போட்டுக்கொண்டார். "ஆனா இந்த வருஷம் எடுத்துக்க மாட்டாங்கம்மா. அதை நான் பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும் பாய். நீங்க போய்ட்டு வாங்க. ரெண்டு பலாப்பழம் வெச்சிருக்கேன், எடுத்துக்கினு போங்க."

மண்டபம் போச்சு, மேடை போச்சு, அச்சடித்த பெயர் போச்சு. ஒரு மாதம் பாறைக்கும் வீட்டுக்கும் நடந்த நடையெல்லாம் போச்சு. ஜீப் பாயை ஏற்றிக்கொண்டு இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் மறுபடி பலகையின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ராஜவேலு இன்னும் வாசற்படியில்தான் நின்றான், உள்ளே வர அனுமதி கேட்கிறவன் மாதிரி.

ரேணுகாதேவி ஒவ்வொருவராகப் பார்த்தாள். கயிற்றில் தொங்குகிறவர்கள், ஏணியில் ஏறுகிறவர்கள், பீடிக்காரன். விரல் வைத்து எண்ணினாள். பதினாறு பேர், தம்பியோடு பதினேழு. எல்லாருடைய முகத்தையும் தேடினாள்.

"நீ எங்கய்யா?" என்றாள்.

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னத்தான் கேக்கறேன். இதுல நீ எங்க கீற?"

"நான் இதுல இல்ல," என்றான் ராஜவேலு. "நான் ஏறிட்டேன்." பலகையின் உச்சியைக் கைகாட்டி, "மேல நின்னு எண்ணினது நான்தான் ரேணுகா. அவன் டோக்கன் என் கையில கீது. குடுத்துட்டு, பூட்ஸ் எடுக்க அந்தப் பக்கத்து ஏணியில எறங்கிட்டான். வெறுங்காலோட கேட்டுல வுட மாட்டாங்கன்னு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. பதினேழும் வந்தாச்சுன்னு நான்தான் கத்தினேன். நான் கத்தினதும் தொறந்தாங்க," என்றான்.

நாலு வருடமாக அவளுக்குள் நின்ற கேள்வி ஒன்று உண்டு. கூட்டிக்கொண்டு போனவன் நீ, நீ மட்டும் எப்படி ஏறி வந்தாய்? தினமும் சோறு போடும்போது கேட்க நினைப்பாள், கேட்க மாட்டாள். கேட்டால் அவனையும் இழந்துவிடுவோம் என்ற பயம். இப்போது பதில் வந்துவிட்டது. அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. எழுந்து நின்று கையைக்கூட ஓங்கினாள். அவன் நகரவில்லை, அடி விழட்டும் என்றே காத்திருந்த மாதிரி முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் கை தானாக இறங்கிவிட்டது.

கீழே கிடந்த சின்ன பிரஷ்ஷை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"எறங்கு," என்றாள்.

"இன்னா?"

"கீழ எறங்கு. எறங்கி அவன் பக்கத்துல குந்து. ஒத்தயா துன்னுக்கினு கீறான் பாரு, நாலு வருசமா."

ராஜவேலு படியைத் தாண்டி உள்ளே வந்து, அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கறுப்பு டப்பாவின் மூடியைத் திறந்தான்.